28 கிலோமீட்டர் ஓடியபோது மண்டைக்குள் ஓடியது இவ்வளவுதானா?

அடையாறு_அதிகாலை
ஞாயிறு, காலை 10.40

இன்று 28 கிலோமீட்டர் முடித்தேன். ஜனவரி மாரத்தானுக்கு முன்னால் இன்னும் ஒரு 30 பாக்கி. கால்களைப் பற்றிப் புகார் எதுவும் இல்லை. புகார் தலையைப் பற்றியது.

நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் எழுதுவதைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. ஓட்டமே தியானம் என்கிறார்கள். பத்தாவது கிலோமீட்டரில் மனம் அடங்கிவிடுகிறதாம், வாழ்க்கையின் பெரிய முடிவுகள் தாமாகவே வந்து நிற்கின்றனவாம். என் தலைக்குள் நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

விடியற்காலை 4 மணிக்கு பெசன்ட் நகர் ஷ்மிட் நினைவிடத்தருகே கிளம்பினேன். முதல் மூன்று கிலோமீட்டர், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேனா என்ற கவலை. எழுந்ததிலிருந்து சமையலறைப் பக்கமே போகவில்லை. அது தெரிந்தும் மூன்று கிலோமீட்டர். திரு.வி.க. பாலத்தில் ஆற்றின் நாற்றம் அந்தக் கவலையைத் தீர்த்தது. சாந்தோமிலிருந்து கலங்கரை விளக்கம் வரை, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் தங்கை கல்யாணப் பந்தியில் பெரியப்பா என்னைச் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதில் தயாரித்தேன். அருமையான பதில். காந்தி சிலை வருவதற்குள் அதை இன்னும் கூராக்கினேன். பெரியப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

அதன் பிறகு முழுக்க முழுக்கக் கணக்கு. 17 முடிந்தது, 28-இல் 17 என்றால் 60.7 சதவீதம். பாக்கி 11. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 77 நிமிடம். 7 நிமிடம் 10 நொடி என்றால் 78 நிமிடம் 50 நொடி. தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த கிலோமீட்டர் முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. 22 முதல் 26 வரை ஒரு சலவைத்தூள் விளம்பரத்தின் ஒரே ஒரு வரி, நிறுத்தாமல்.

மூன்றேகால் மணி நேரம் ஒரு மனிதனுக்குத் தனிமை கிடைத்தால் அவன் இப்படியா செலவழிப்பான்? உங்களுக்கெல்லாம் என்ன ஓடுகிறது? பொய் சொல்லாமல் எழுதுங்கள்.


சும்மா_நடப்பவன்
ஞாயிறு, காலை 11.05

பால், பெரியப்பா, விளம்பரப் பாட்டு. எனக்கு இதெல்லாம் படுத்திருக்கும்போதே வருகிறது. இதற்காக 4 மணிக்கு எழ வேண்டுமா?


வெள்ளைக்கோட்டு
ஞாயிறு, பகல் 12.30

அடையாறு நண்பரே, நீங்கள் விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவில் ஆஷ்லி சாம்சன் என்ற உளவியலாளரின் குழு இதையே ஆராய்ந்தது. பத்து ஓட்டக்காரர்களுக்கு ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து, நீண்ட ஓட்டத்தின்போது மனத்தில் வருவதையெல்லாம் அப்போதைக்கப்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடும்படி கேட்டார்கள். 18 மணி நேரத்துக்கும் மேல் பேச்சு சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் 40 சதவீதம் வேகமும் தூரமும், 32 சதவீதம் வலியும் அவதியும், 28 சதவீதம் சுற்றுப்புறம். ஞானோதயத்துக்கு என்று தனிக் கட்டம் எதுவும் போட வேண்டியிருக்கவில்லை.

வாய்விட்டுச் சொல்லத் தயங்கியவை பதிவாகியிருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பெரியப்பாவுக்குத் தயாரித்த பதிலை நீங்கள் மைக்கில் சொல்லியிருப்பீர்களா?


பழைய_ஸ்பைக்ஸ்
ஞாயிறு, மாலை 4.15

நான் மாவட்ட அளவில் 5,000 மீட்டர் ஓடியவன். இப்போது முழங்கால் போய், பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி, உங்கள் மனம் உடம்பை விட்டு ஓடிப்போகப் பார்க்கிறது. பாலும் பெரியப்பாவும் வருவது அதனால்தான்.

1977-இல் மார்கன், பொல்லாக் என்ற இரண்டு பேர் அமெரிக்காவின் முன்னணி மாரத்தான் வீரர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். வலியை மறக்க வேறு எதையாவது நினைப்பார்கள் என்றுதான் அவர்களும் எதிர்பார்த்தார்கள். வந்த பதில் நேர்மாறு. மூச்சு எப்படி இருக்கிறது, தொடை இறுகுகிறதா, தோள் ஏறியிருக்கிறதா என்று உடம்பையே விடாமல் கேட்டுக்கொண்டு ஓடினார்கள் முன்னணி வீரர்கள். மனத்தை வேறெங்கோ அனுப்பிவைத்தவர்கள் சாதாரண ஓட்டக்காரர்கள்.

என் பையன்களுக்கு நான் சொல்வது: உள்ளங்கையில் ஒரு கோழிக்குஞ்சு இருப்பதாக வைத்துக்கொள். நசுக்கவும் கூடாது, பறக்கவிடவும் கூடாது. கை தளர்ந்தால் தோள் தளரும், தோள் தளர்ந்தால் மூச்சு இறங்கும். கென்ய மாரத்தான் வீரர் கிப்சோகே வலி கூடும்போது சிரிப்பார், பார்த்திருப்பீர்கள். 2019-இல் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் முடித்தபோதும் அந்தச் சிரிப்பு இருந்தது. அது சந்தோஷத்தால் வருவது அல்ல, முகத்தைத் தளரவிடும் வேலை.


சும்மா_நடப்பவன்
ஞாயிறு, மாலை 4.40

//கோழிக்குஞ்சு//

மூன்றேகால் மணி நேரம் கையில் கோழிக்குஞ்சோடு இருப்பதற்குப் பெரியப்பாவே மேல்.


தெப்பக்குளம்24
ஞாயிறு, இரவு 8.10

எனக்கு வயது 61. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறவன். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர். 24 சுற்று ஓடினால் 30.

இருபத்து நான்கு முறை அதே படிக்கட்டு, அதே மைய மண்டபம், அதே ஜிகர்தண்டா வண்டி மூடிக் கிடப்பது. முதலில் பைத்தியம் பிடித்தது. எட்டாவதா ஒன்பதாவதா என்று குழம்பி, சந்தேகத்துக்கு ஒரு சுற்று கூடவே ஓடிவிடுவேன். வீட்டில் கைக்கடிகாரம் வாங்கித் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்று 24 புளியங்கொட்டைகளைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கிழக்குப் பக்கம் வரும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வேப்பமரத்தடியில் போடுவேன். எண்ண வேண்டிய வேலை இல்லை. பை கனமாக இருக்கிறதா, காலியாகிறதா என்று விரல் சொல்லும்.

என்ன நினைப்பு ஓடுகிறது என்று கேட்டால், பத்துச் சுற்று வரை எல்லாம் ஓடும். பென்ஷன், பேத்தியின் பள்ளிக்கட்டணம், தெருக்காரர் கார் நிறுத்தும் இடம். அதன் பிறகு கொட்டை மட்டும்தான். அதைத் தியானம் என்று சொல்வீர்களோ, சோம்பல் என்று சொல்வீர்களோ, உங்கள் இஷ்டம்.


அடையாறு_அதிகாலை
ஞாயிறு, இரவு 9.00

ஐயா, உங்கள் புளியங்கொட்டையைப் படித்ததும் நினைவுக்கு வந்தது. பிரிட்டனின் மாரத்தான் வீராங்கனை பவுலா ராட்கிளிஃபும் எண்ணுகிறவர்தான். மூன்று முறை நூறு எண்ணினால் ஒரு மைல் என்று வைத்துக்கொண்டு ஓடுவாராம். 2003-இல் லண்டன் மாரத்தானில் அவர் ஓடிய 2 மணி 15 நிமிடம் 25 நொடியை 2019 வரை எந்தப் பெண்ணும் நெருங்கவில்லை. என் கணக்குப் பைத்தியத்துக்கு ஒரு வக்கீல் கிடைத்துவிட்டார்.


ஐந்தேகால்_மணி
திங்கள், காலை 6.50

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று. மனம் எங்கே போகிறது என்று கேட்கும் வசதியே எனக்குக் கிடையாது.

நான் ஓடுவது சென்னையில், ஒரு சாதாரணக் குடியிருப்புப் பகுதியில். 4 மணிக்குக் கிளம்ப ஆசைதான், 5.15-க்கு முன் முடியாது. ஆவின் பூத் திறக்கும் நேரம் அது. தெருவில் இரண்டு பேராவது இருப்பார்கள். என் மனத்தில் ஓடுவது இதுதான்: பின்னால் வரும் மோட்டார் சைக்கிளின் சத்தம் சீராக இருக்கிறதா, குறைகிறதா? சீராக வந்தால் அவன் வேலைக்குப் போகிறவன். என் அருகில் வந்ததும் வேகம் குறைந்தால் நான் எதிர்ப்பக்கம் கடந்துவிடுவேன். கடந்த பிறகு அவன் திரும்பி வருகிறானா என்று அடுத்த 400 மீட்டருக்குக் காது பின்னாலேயே இருக்கும். பாட்டுக் கேட்பது ஒரு காதில்தான். சாவிக்கொத்து கையில், ஒரு சாவி விரல்களுக்கிடையே வெளியே நீட்டியபடி. கோழிக்குஞ்சு வைத்துக்கொள்ள அந்தக் கையில் இடம் இல்லை ஐயா.

நாய்கள் தனிக்கதை. எந்தத் தெருவில் எத்தனை, எது குரைக்கும், எது குரைக்காமல் வரும் என்று ஒரு வரைபடமே தலையில் இருக்கிறது.

முழுக்க விடிந்த பிறகு, தெருவில் கோலம் போடுகிறவர்களும் பேப்பர் போடுகிறவர்களும் வந்த பிறகுதான் எனக்கும் இட்லி மாவு புளித்திருக்குமா என்ற நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு வரும்போது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? மனம் அலைகிறதே என்று நீங்கள் வருத்தப்படுகிறீர்கள். நான் அது அலையும் நேரத்துக்காகக் காத்திருக்கிறேன்.


இரண்டாம்_கியர்
திங்கள், காலை 9.20

சகோதரி, குழுவாக ஓடலாமே? எங்கள் குழுவில் நிறையப் பெண்கள் வருகிறார்கள். பேசிக்கொண்டே போனால் 20 கிலோமீட்டர் தெரியாது.


ஐந்தேகால்_மணி
திங்கள், காலை 9.45

ஞாயிறு தோறும் குழுவோடுதான் ஓடுகிறேன். வாரத்தில் மற்ற மூன்று நாளும் குழு என் வாசலுக்கு வருவதில்லை. தவிர, தனியாக ஓட ஆசைப்படுவது ஆண்களுக்கு மட்டும் வருகிற ஆசை என்று யார் சொன்னது?


அடையாறு_அதிகாலை
திங்கள், காலை 10.10

இதைப் படித்துவிட்டு என் முதல் பதிவை மறுபடி படித்தேன். 28 கிலோமீட்டரில் ஒரு முறைகூட நான் பின்னால் திரும்பிப் பார்த்ததாக அதில் இல்லை. எழுத மறந்தேன் என்றில்லை. திரும்பிப் பார்க்கவே இல்லை.


முட்டுக்காடு_வரை
திங்கள், இரவு 10.30

கணக்குப் போடுவதைப் பற்றி ஒரு அனுபவம். கேலி செய்கிறவர்களும் படியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதம், கிழக்குக் கடற்கரைச் சாலை. முதல்நாள் இரவு ஒரு விசேஷம், எழுந்ததே தாமதம். 6.30-க்குக் கிளம்பினேன், திட்டம் 22 கிலோமீட்டர். அன்றே வேண்டாம் என்று விட்டிருக்க வேண்டும். நானும் உங்களைப் போலத்தான், எப்போதும் மிச்சக் கணக்கு போடுகிறவன். 18-ஐத் தாண்டியதும் வழக்கம்போல 22-இல் 18 போனால் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டேன். 8 என்று வந்தது. சிறிது தூரம் போய் மறுபடி கேட்டால் 6. எது சரி என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. இரண்டும் சரியாகத்தான் பட்டது. அந்த வெயிலில் கையில் மயிர்க்கூச்செறிந்தது. குளிர்கிறதே, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓர் இளநீர்க் கடையருகே கால் தானாக நின்றது. கடைக்காரர் எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். கேள்வி புரிந்தது, பதில் கிடைக்கவில்லை. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நிழலில் உட்காரவைத்து, பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடமிருந்து ஐஸைக் கூடையோடு வாங்கி, என் கழுத்திலும் அக்குளிலும் அடைத்தார். வாளித் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊர்ப்பெயர் நினைவுக்கு வர வெகுநேரம் ஆனது. வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் என்மேல் சங்கரா மீன் வாசனை. அது எந்த மீன் என்று சொல்ல முடிந்தபோதுதான் பிழைத்துவிட்டேன் என்று தோன்றியது.

ஆகவே அடையாறு நண்பரே, கணக்கை விடாதீர்கள். தப்பாக வரும் அன்று நின்றுவிடுங்கள்.


வெள்ளைக்கோட்டு
செவ்வாய், காலை 7.15

அந்த இளநீர்க்காரர் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ள சிகிச்சை. ஓட்டத்தால் வரும் வெப்பத்தாக்கில் உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அப்போது வியர்வை நின்றுதான் ஆக வேண்டும் என்பதில்லை. வியர்த்துக்கொண்டே விழுகிறவர்கள் உண்டு. நம்ப வேண்டிய அடையாளம் குழப்பம். முதலில் குளிர்விக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

வெயில் இல்லாத நாளிலும் தலை மங்குவதற்கு இன்னொரு காரணம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து நாம் சேமித்துவைக்கும் மாவுச்சத்து ஏறக்குறைய 500 கிராம், அதாவது 2,000 கலோரி. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆள் என்றால் கிலோமீட்டருக்கு 70. 2,000-ஐ 70-ஆல் வகுத்துப் பாருங்கள், 28-க்கும் 29-க்கும் நடுவில் வரும். கொழுப்பும் எரிவதால் இது இன்னும் கொஞ்சம் நீளும். ஆனாலும் முப்பதை ஒட்டி எல்லோரும் ஏன் சுவரில் முட்டியதுபோல் திணறிப்போகிறார்கள் என்பதற்கு இந்த வகுத்தல் போதும்.

இதில் ஒரு நுணுக்கம். தசையில் இருக்கும் சர்க்கரை தசைக்கு மட்டுமே. அது ரத்தத்துக்குத் திரும்பாது. மூளையின் பங்கு கல்லீரலில் இருக்கும் 100 கிராம் சொச்சத்திலிருந்துதான் வர வேண்டும். அது குறையும்போது காரணமில்லாத எரிச்சல், அழுகை, நான் எதற்கு ஓடுகிறேன் என்ற விரக்தி எல்லாம் வரும். 27-ஆவது கிலோமீட்டரில் வாழ்க்கையே வீண் என்று தோன்றினால் அது தத்துவம் அல்ல, உங்கள் கல்லீரல் பேசுகிறது. இரண்டு பேரீச்சம்பழம் கொடுத்தால் வாயை மூடிக்கொள்ளும். விழுங்கக்கூட வேண்டாம்: சைக்கிள் வீரர்களிடம் நடத்தி 2004-இல் வெளிவந்த ஒரு சோதனையில், மாவுச்சத்துக் கரைசலை வாயில் கொப்பளித்துத் துப்பியதற்கே ஒரு மணி நேரப் பந்தயத்தில் வேகம் கூடியது. உணவு வருகிறது என்ற செய்தியே மூளைக்குப் போதுமானதாக இருந்தது.


பழைய_ஸ்பைக்ஸ்
செவ்வாய், காலை 8.00

டாக்டர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன். உடம்பைக் கேட்டுக்கொண்டு ஓட வேண்டும்.

ஐந்தேகால் மணிச் சகோதரி சொன்னதை மட்டும் நான் யோசித்ததில்லை. என்னிடம் நான்கு பெண் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். கைகளைத் தளர்த்து, தளர்த்து என்று அவர்களைத்தான் அதிகம் திட்டியிருக்கிறேன்.


ஏரிக்கரை_டொரண்டோ
புதன், காலை 5.30

இங்கே ஒன்டாரியோ ஏரிக்கரையில் நேற்று 26 கிலோமீட்டர், மைனஸ் 12 டிகிரி. வெப்பத்தாக்கைப் பற்றிப் படிக்கும்போது கொஞ்சம் ஆசையாகக்கூட இருந்தது. மன்னிக்கவும்.

குளிரில் ஓடும்போது மனம் பெரும்பாலும் விரல்நுனியில்தான். கையுறைக்குள் கட்டைவிரல் இருக்கிறதா? இருக்கிறது. சுண்டுவிரல்? பதில் இல்லை. இமைமயிரில் மூச்சின் ஈரம் உறைந்து, கண்ணை மூடித் திறந்தால் ஒட்டிக்கொள்கிறது.

எனக்குப் புரியாத விஷயம் வேறு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது எனக்கு எட்டு வயது. அலுவலகத்தில் ஆங்கிலம், வீட்டிலும் பிள்ளைகளோடு பாதி ஆங்கிலம். ஓடும்போது முதல் ஒரு மணி நேரம் நினைப்பதும் ஆங்கிலத்தில்தான். ஆனால் இருபதைத் தாண்டியதும் அடி எண்ணத் தொடங்கினால், ஒன்று, இரண்டு, மூன்று என்று தமிழில்தான் வருகிறது. நேற்று 24-இல் ஏழாம் வாய்பாடு வந்தது. இரண்டாம் வகுப்பில் ஆசிரியை சொல்லித்தந்த அதே ராகத்தில். ஏழெட்டு ஐம்பத்தாறில் குரல் இறங்கும், அங்கேயும் சரியாக இறங்கியது. கல்லீரலில் சர்க்கரை தீர்ந்தால் ஆங்கிலமும் தீர்ந்துவிடுமா டாக்டர்?


வெள்ளைக்கோட்டு
புதன், காலை 7.40

அதற்கு என்னிடம் பாடப்புத்தகம் இல்லை. ஏழாம் வாய்பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


அடையாறு_அதிகாலை
அடுத்த ஞாயிறு, காலை 11.30

30 முடிந்தது. 3 மணி 34 நிமிடம். அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

இந்த முறை காதில் எதையும் மாட்டவில்லை. மார்கழி பிறந்துவிட்டதால் கோயில் ஒலிபெருக்கிகள் போதும். ஒரு கோயிலின் பாட்டு தேயும் இடத்தில் அடுத்த கோயிலுடையது பிடித்துக்கொள்கிறது. கலங்கரை விளக்கத்துக்கு முன் பெரியப்பா வந்தார். பதிலை இந்த முறை சொல்லவில்லை. பந்தியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உழைப்பாளர் சிலையருகே ஒரு பெண் எதிர்ப்பக்கம் கடந்தபோது, நான் பின்னால் ஓடிவருவதால்தான் என்பது எனக்கு ஒரு நொடி கழித்துப் புரிந்தது. வேகத்தைக் குறைத்து, அவர் தூரமாகப் போகும்வரை நடந்தேன். மொத்த நேரத்தில் ஒரு நிமிடம் அதற்குப் போயிருக்கும்.

24-இல் கல்லீரல் பேசத் தொடங்கியது. இரண்டு பேரீச்சம்பழம் போட்டேன்.

27-இல், பெசன்ட் நகருக்குள், ஒரு வயதான அம்மா தெருவை அடைத்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். புள்ளி வைத்து முடித்து இழை தொடங்கியிருந்தார். நான் வருவதைப் பார்த்துக் கையை நிறுத்தி, ஓரமாகப் போ என்று முழங்கையால் காட்டினார். ஊடுபுள்ளி, நடுவரிசையில் 15, ஓரத்தில் 8. கண்ணில் பட்டது அவ்வளவுதான். உடனே தலை ஆரம்பித்துவிட்டது: மொத்தம் எத்தனை புள்ளி? 14, 13, 12 என்று 8 வரை ஒரு பக்கம், அதே மாதிரி மறுபக்கம். 14-உம் 8-உம் 22, 13-உம் 9-உம் 22, 12-உம் 10-உம் 22, நடுவில் 11. ஒரு பக்கம் 77. இரண்டு பக்கமும் 154. நடுவரிசை 15. மொத்தம் 169. இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் 169. நிமிர்ந்து பார்த்தால் 29 ஆகியிருந்தது.

சரியா என்று யாராவது சொல்லுங்கள். தப்பென்றால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.


ஐந்தேகால்_மணி
அடுத்த ஞாயிறு, பகல் 12.10

வேகத்தைக் குறைத்து நடந்ததற்கு நன்றி. பல பேர் வேகமாகத் தாண்டிப் போய்விடலாம் என்று நினைத்துப் பின்னாலேயே ஓடிவருவார்கள்.

என் அம்மா போடுவது 21-க்கு 11. மொத்தம் எத்தனை என்று அடுத்த ஓட்டத்தில் பார்க்கிறேன், வண்டிச் சத்தம் இல்லாவிட்டால்.


தெப்பக்குளம்24
அடுத்த ஞாயிறு, பகல் 2.45

169 சரிதான் தம்பி. பேத்தியை உட்காரவைத்துத் தரையில் அடுக்கிப் பார்த்துவிட்டேன். புளியங்கொட்டை 131 தான் இருந்தது, மிச்சத்துக்குத் துவரம்பருப்பு.